இரண்டு வீடுகளும் ஒரு மேலாளரும்: வாடகைச் சொத்தைப் பிறரிடம் ஒப்படைப்பது குறித்த நிகழ்வு ஆய்வு

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்கியவர்களில் பலர், வாங்கிய சில ஆண்டுகளுக்குள் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறார்கள். வீட்டைத் தாமே தொடர்ந்து கவனித்துக்கொள்வதா, அல்லது கட்டணம் கொடுத்து ஒரு சொத்து மேலாளரிடம் ஒப்படைப்பதா என்பதே அந்தக் கேள்வி. பெரும்பாலும் இதற்கு விடை காணும்போது, மேலாளர் கேட்கும் சதவீதத்தையும் உரிமையாளரின் சலிப்பையும் மட்டுமே தராசின் இரு தட்டுகளில் வைக்கிறார்கள். சலிப்பு மிகுந்த மாதத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள், கட்டணம் கண்ணை உறுத்தும் மாதத்தில் அதை முறித்துக்கொள்கிறார்கள். இடையில் குடியிருப்பவர்கள், யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். இந்த முடிவை நிதானமாக எடுக்க முடியும் என்பதையும், எதை ஒப்படைக்கிறோம் என்று பிரித்துப் பார்க்காமல் அதை எடுக்கக் கூடாது என்பதையும் காட்டவே இந்த ஆய்வை எழுதுகிறேன்.

இங்கே வரும் உரிமையாளர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்லர். இத்தகைய நிலையில் உள்ளவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து, கணக்கு தெளிவாக விளங்கும்படி அமைத்த மாதிரி நிகழ்வு இது. எந்த நாணயத்திலும் பொருத்திப் பார்க்க ஏதுவாக, ஒரு வீட்டின் ஒரு மாத வாடகையை 100 அலகு எனக் கொண்டு மற்ற எல்லாத் தொகைகளையும் அதன் அளவிலேயே சொல்கிறேன். தம் சொந்த எண்களை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு படியிலும் அவற்றை இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

உரிமையாளரின் நிலை

உரிமையாளரிடம் ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. கடன் வாங்கி அவற்றை வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அவர் வேறோர் ஊரில் முழுநேர வேலையில் இருக்கிறார், கட்டடத்துக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகிறது. இதுவரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். விளம்பரம் கொடுப்பது, வீட்டைக் காட்டுவது, வருபவரைப் பற்றி விசாரிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, வாடகை வந்ததா என்று பார்ப்பது, பழுதென்று அழைப்பு வந்தால் ஆள் தேடி அனுப்புவது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பில் நடந்தன.

இரு வீடுகளும் ஆண்டு முழுவதும் நிறைந்திருந்தால் 2,400 அலகு வாடகை வர வேண்டும். ஆனால் நான்கு ஆண்டுகளில் நான்கு முறை குடியிருப்பவர்கள் மாறினார்கள், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வீடு சராசரியாக இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. ஆகவே ஆண்டொன்றுக்கு 200 அலகு இழப்பு, கைக்கு வந்தது 2,200. இதில் வரியும் காப்பீடும் 300, பழுதுபார்ப்பு 320, இதரச் செலவு 80 என 700 அலகு போய்விட, 1,500 மிஞ்சுகிறது. கடன் தவணைக்கு 1,200 கட்டியபின் ஆண்டு முடிவில் அவர் கையில் நிற்பது 300 அலகு.

இந்நிலையில் ஒரு மேலாண்மை நிறுவனம் அவருக்கு ஒரு முன்மொழிவைத் தருகிறது. வசூலாகும் வாடகையில் 10 சதவீதம் மாதக் கட்டணம், புதிதாக ஒருவரைக் குடியமர்த்தும்போதெல்லாம் அரை மாத வாடகை. உரிமையாளருக்கு இது நியாயமாகவே படுகிறது. நூற்றில் பத்துதானே என்கிறார்.

பத்து சதவீதம் எதில் பத்து சதவீதம்

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது இதைத்தான். கட்டணம் கணக்கிடப்படுவது மொத்த வசூலின் மீது, அது கழிக்கப்படுவதோ எல்லாச் செலவும் போக மிஞ்சும் தொகையிலிருந்து. 2,200 வசூலில் 10 சதவீதம் 220, ஆண்டுக்கு ஒரு குடிமாற்றம் என்றால் அதற்கு 50, ஆக 270 அலகு. செலவு போக நிற்கும் 1,500-இல் இது 18 சதவீதம். தவணையும் போக நிற்கும் 300-இல் 90 சதவீதம். பத்து என்று காதில் விழுந்த கட்டணம், கைக்கு வரும் பணத்தில் ஏறத்தாழ முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. கடன் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இந்த விகிதம் கூடும். கடனே இல்லாத உரிமையாளருக்கு இதே கட்டணம் தாங்கக்கூடியதாகவும், முழுக்கடனில் வாங்கியவருக்குத் தாங்க முடியாததாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது, அது செலவல்ல, சேமிப்பு. 1,200-இல் 400 அசலுக்குப் போகிறதென்றால் உரிமையாளரின் உண்மையான ஆண்டுப் பலன் 700, கட்டணம் அதில் 39 சதவீதம். இந்தப் பார்வை சரியானதே. ஆனால் தண்ணீர் மோட்டார் எரிந்துபோகும் நாளில் அசலில் சேர்ந்த 400-ஐ எடுத்துச் செலவழிக்க முடியாது. அன்றைக்குக் கையில் இருப்பது எவ்வளவு என்பதே கேள்வியாகிறது. ஆகவே இரண்டு கணக்குகளையும் தனித்தனியே வைத்திருக்கச் சொல்வேன்.

இங்கே வேறொன்றையும் சுட்டிக்காட்டியாக வேண்டும். அந்த 300 அலகு முதலீட்டின் பலன் மட்டுமன்று, உரிமையாளர் செய்த வேலைக்கான, எங்கும் எழுதப்படாத ஊதியமும் அதில் கலந்திருக்கிறது. வாடகை வீட்டை வாங்கும்போதே, தாமே கவனித்துக்கொள்ளப் போவதாக இருந்தாலும், மேலாண்மைச் செலவையும் சேர்த்தே விலையை மதிப்பிட வேண்டும். அப்படிச் செய்யாமல் வாங்கியவர்களுக்கு மேலாளரின் கட்டணம் பின்னாளில் வந்து சேர்ந்த சுமைபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது முதல் நாளிலிருந்தே இருந்த செலவு, உரிமையாளர் தம் உழைப்பால் அதைச் செலுத்திவந்தார்.

காலியாகக் கிடந்த மாதங்களுக்கு என்ன காரணம்

நிறுவனத்தின் முன்மொழிவில் ஒரு வாதம் இருக்கிறது. தாங்கள் வந்தால் வீடு காலியாகக் கிடக்காது, ஆகவே கட்டணம் தானாகவே ஈடாகிவிடும் என்பதே அது. இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. கட்டணம் 270 அலகு, அதாவது ஒரு வீட்டின் 2.7 மாத வாடகை. இந்த உரிமையாளர் ஆண்டுக்கு இழப்பது இரண்டு மாத வாடகைதான். மேலாளர் வந்தபின் ஒரு நாள்கூட வீடு காலியாக இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் கட்டணம் ஈடாகாது. ஆண்டில் நான்கைந்து மாதங்களைக் காலியாக இழக்கிறவருக்குச் சரியாக இருக்கக்கூடிய வாதம், இவருக்குப் பொருந்தவில்லை.

வாடகையை உயர்த்தித் தருவோம் என்பது அடுத்த வாதம். இவர் நான்கு ஆண்டுகளாக வாடகையை மாற்றவில்லை, அக்கம்பக்கத்தில் உள்ள இதேபோன்ற வீடுகளின் வாடகை இவர் வாங்குவதைவிட 8 சதவீதம் கூடுதல் என்று கொள்வோம். சந்தை அளவுக்கு உயர்த்தினால் ஆண்டுக்கு 176 அலகு கூடும். ஆனால் இந்த 176-ஐ மேலாளரின் கணக்கில் வரவு வைப்பது தவறு. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் உரிமையாளரே அதைச் செய்ய முடியும். அதற்கு வேண்டியது அருகிலுள்ள வாடகைகளைப் பற்றிய விசாரிப்பும், குடியிருப்பவரோடு ஒரு நேர்மையான பேச்சும் மட்டுமே. மேலாளரின் பெயரில் வரவு வைக்க வேண்டியது, அவர் இல்லாமல் நடக்க முடியாதவற்றை மட்டும். இந்த ஒரு விதியைப் பின்பற்றினாலே பல முன்மொழிவுகளின் கவர்ச்சி குறைந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமான கேள்வி, நான்கு பேர் ஏன் போனார்கள் என்பது. உரிமையாளர் பழைய செய்திகளையும் மின்னஞ்சல்களையும் எடுத்துப் படித்து ஒரு தாளில் எழுதுகிறார். ஒருவர் வேலை மாறிப் போனார், அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஒருவர் வாடகையைத் தாமதப்படுத்திக்கொண்டே வந்து, பேசித் தீர்த்தபின் நிலுவையைக் கட்டிவிட்டுக் கிளம்பினார். மற்ற இருவரும் நல்ல குடித்தனக்காரர்கள், நாள் தவறாமல் வாடகை கொடுத்தவர்கள். ஒருவர் குளியலறைச் சுவரில் நீர் கசிகிறது என்று சொல்லி மூன்று வாரம் காத்திருந்தார். இன்னொருவருக்கு மின்கோளாறு, வந்து பார்த்த ஆள் பாதியில் விட்டுப்போய் மறுபடி வரவேயில்லை. இருவரும் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் போய்விட்டார்கள்.

நான்கில் இரண்டு குடிமாற்றங்களுக்குக் காரணம் ஆள் தேடத் தெரியாமை அன்று, பழுது பார்ப்பதில் ஏற்பட்ட தாமதம். உரிமையாளர் தொலைவில் இருந்து தொலைபேசியில் ஆள் தேடுகிறார், வருகிறேன் என்று சொன்னவர் வந்தாரா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. கசிவைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் வாழ்ந்த குடும்பத்தின் பக்கத்திலிருந்து யோசித்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வாடகை என்பது அவர்களுக்கு ஒரு வாழ்விடத்துக்கான விலை. அந்த விலையைத் தவறாமல் கொடுத்தவர்களுக்கு வாழத்தக்க இடத்தைத் தருவது உரிமையாளரின் கடமை. யார் மூலம் அதைச் செய்கிறார் என்பது இரண்டாவது கேள்விதான்.

வாடகை மேலாண்மையின் வரலாற்றில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. லண்டனின் மேரிலபோன் பகுதியில் ஏழைகள் வாழ்ந்த சில வீடுகளை 1865-இல் எழுத்தாளரும் கலை விமர்சகருமான ஜான் ரஸ்கின் வாங்கி, அவற்றின் நிர்வாகத்தை ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தார். முதலீட்டுக்கு 5 சதவீத வருவாய் வர வேண்டும் என்பது ஏற்பாடு, அது வரவும் செய்தது. அவரும் அவர் பயிற்றுவித்த பெண்களும் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை வாங்கினார்கள். வாடகை வாங்கப் போன அதே நடையில் ஒழுகும் கூரையும் உடைந்த கதவும் கண்ணில் பட்டன, குடும்பத்தில் வேலை போனவர் யார் என்பதும் தெரிந்தது. இன்று வாடகை வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. வசதிதான், ஆனால் அந்த நடை நின்றுபோனதால் வீட்டைப் பார்க்கும் கண்ணும் போய்விட்டது. தொலைவில் உள்ள உரிமையாளர் விலைகொடுத்து வாங்க வேண்டியது முதலில் இந்தக் கண்ணைத்தான்.

ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை

அடுத்து உரிமையாளரின் நேரம். வழக்கமான மாதத்தில் மூன்று மணி நேரம் என ஆண்டுக்கு 36, ஒரு குடிமாற்றத்துக்கு 40, நேரில் போய்வரும் நான்கு பயணங்களுக்குப் பயணத்துக்குப் பத்தாக 40, ஆக 116 மணி நேரம் அவர் செலவிடுகிறார். பயணச் செலவு ஒரு தடவைக்கு 8 அலகு. இதை அவர் இதுவரை வீட்டுக் கணக்கில் எழுதியதே இல்லை. பலரும் எழுதுவதில்லை.

முழு மேலாண்மையை எடுத்துக்கொண்டால் இந்த நேரம் பூச்சியமாகிவிடாது. மாத அறிக்கையைப் படிக்க வேண்டும், பெரிய செலவுகளுக்கு ஒப்புதல் தர வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இவற்றுக்கு 30 மணி நேரம் ஒதுக்கினால் மிச்சமாவது 86. காலியாகக் கிடக்கும் காலம் பாதியாகக் குறையும் என்று கொண்டால் 100 அலகு கூடுதலாக வரும், அதில் மேலாளரின் பங்கு போக 90. மூன்று பயணங்கள் குறைவதால் 24. எனவே 270 அலகு கட்டணத்தின் நிகரச் சுமை 156. அதை 86-ஆல் வகுத்தால், விடுவித்துக்கொண்ட ஒரு மணி நேரத்தின் விலை ஏறத்தாழ 1.8 அலகு.

உரிமையாளரின் சொந்த வேலையில் ஒரு மணி நேர ஊதியம் 2 அலகு என்று வைத்துக்கொள்வோம். 2 அலகு மதிப்புள்ள நேரத்தை 1.8 அலகுக்கு வாங்குவது இலாபம்போலத் தெரிகிறது. பெரும்பாலான கணக்குகள் இந்த இடத்தில் நின்று, மேலாளரை அமர்த்தலாம் என்று முடித்துவிடுகின்றன. இங்கே நிற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் 1.8 என்பது சராசரி, அந்தச் சராசரிக்குள் மலிவான மணி நேரங்களும் விலை மிகுந்த மணி நேரங்களும் கலந்து கிடக்கின்றன.

அவற்றைப் பிரித்துப் பார்க்க மூன்றாவது வழியாக ஒரு பகுதி ஏற்பாட்டை வைப்போம். குடியமர்த்தும் வேலையை மட்டும் ஒரு முகவரிடம் தருவது, அதற்குக் கட்டணம் ஒரு முழு மாத வாடகை, 100 அலகு. கட்டடத்துக்கு அருகில் வசிக்கும் நம்பகமான பழுதுபார்ப்பவர் ஒருவரோடு ஆண்டு ஏற்பாடு செய்துகொள்வது. அழைத்தால் ஒரு நாளுக்குள் வந்து பார்ப்பதற்கும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டுச் சென்று குழாய்களையும் மின்னிணைப்புகளையும் கூரையையும் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவதற்கும் மாதம் 5 அலகு, ஆண்டுக்கு 60. செய்த வேலைக்கான கூலி வழக்கம்போலத் தனி. வாடகை வசூல், கணக்கு, ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆகியவை உரிமையாளரிடமே இருக்கும்.

இந்த வழியின் செலவு 160. காலி மாதங்கள் முன்போலவே பாதியாகக் குறைந்தால் 100 திரும்பி வருகிறது, இரண்டு பயணங்கள் குறைவதால் 16. நிகரச் சுமை 44. குடிமாற்றத்தில் 30 மணி நேரம், பயணத்தில் 20 மணி நேரம் என 50 மணி நேரம் மிச்சம். ஒரு மணி நேரம் 0.9 அலகுக்குக் கிடைக்கிறது. இதிலிருந்து முழு மேலாண்மைக்குப் போனால் கூடுதலாகக் கொடுப்பது 112, கூடுதலாகக் கிடைப்பது 36 மணி நேரம். அந்தக் கடைசி 36 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் 3.1 அலகு. 2 அலகு மதிப்புள்ள நேரத்துக்கு இது அதிக விலை. நேரத்தின் பெரும்பகுதியைத் தின்பவை குடிமாற்றமும் பயணமும்தான், மாதாந்தர வசூலும் கணக்கும் அல்ல. ஆனால் சதவீதக் கட்டணமோ மாதந்தோறும் வசூலின் மீதே விழுகிறது.

இத்தோடு முடிந்துவிட்டதென்று சொன்னால் நேர்மையாகாது. பெரிய இழப்பு ஒன்றின் வாய்ப்பை இதுவரை கணக்கில் சேர்க்கவில்லை. குடியிருப்பவர் ஆறு மாதம் வாடகை தராமல் இருந்து, வீட்டைச் சேதப்படுத்தி, சட்ட நடவடிக்கைக்குப் பின் வெளியேறுகிறார் என்றால், வாடகை இழப்பு 600, பழுது 300, சட்டச் செலவு 200 என 1,100 அலகு போகும். அந்த 36 மணி நேரத்தின் மதிப்பு 72, அதற்குக் கொடுக்கும் கூடுதல் 112, இடைவெளி 40 அலகுதான். பகுதி ஏற்பாட்டைவிட முழு மேலாண்மை 27 ஆண்டுகளில் இத்தகைய நிகழ்வு ஒன்றைக் கூடுதலாகத் தடுக்குமானால் அந்த இடைவெளி நிரம்பிவிடும். ஆகவே எண்களின்படி இது மிக நெருக்கமான போட்டி. வாய்ப்பளவை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாத நிலையில், எண்கள் இதற்கு மேல் துணைக்கு வரமாட்டா. மேலாளர் உண்மையில் எதைச் செய்வார், எதைச் செய்ய அவருக்குக் காரணம் இருக்கிறது என்று பார்த்தே மீதியைத் தீர்மானிக்க வேண்டும்.

மேலாளரின் நலன் எந்தத் திசையில் இழுக்கிறது

ஒருவர் தம் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது இருவரின் நலனும் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை, அந்த விலகலே ஒரு செலவாக அமைகிறது. 1976-இல் மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை முகமைச் செலவு என்ற கருத்தாக வளர்த்தெடுத்தது. வீட்டுச் சந்தையில் இதைக் கண்கூடாகக் காட்டியவர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் ஆகியோர். சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டு முகவர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது ஒப்பிடத்தக்க மற்ற வீடுகளைவிட 3.7 சதவீதம் கூடுதல் விலை பெறுகிறார்கள் என்றும், அதற்காக ஏறத்தாழ 9.5 நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள் என்றும் கண்டார்கள். வாடிக்கையாளரின் வீடென்றால் விரைவில் முடித்துவிடவே தூண்டுதல் இருக்கிறது. கூடுதல் விலையில் முகவரின் பங்கு சிறிது, கூடுதல் உழைப்போ முழுக்க அவருடையது.

விற்பனையில் கண்ட இந்த இழுப்பு வாடகையிலும் இருக்கும் என எதிர்பார்க்கவே காரணம் உண்டு. நம் நிகழ்வின் முன்மொழிவை அந்தக் கண்ணோடு படியுங்கள். மாதக் கட்டணம் ஒரு வீட்டுக்கு 10 அலகு. குடியமர்த்தும் கட்டணம் 50, அதாவது ஐந்து மாதக் கட்டணத்துக்குச் சமம். குடியிருப்பவர் நிலைத்து இருந்தால் மேலாளருக்கு மாதம் பத்து வருகிறது. அவர் போய் இன்னொருவர் வந்தால், ஒரு மாதம் காலியாகக் கிடந்ததில் பத்தை இழந்து ஐம்பதைப் பெறுகிறார். உரிமையாளருக்கு அதே குடிமாற்றம் இழப்பு மட்டுமே. மேலாளர் தீய எண்ணத்தோடு ஆட்களைத் துரத்துவார் என்று நான் சொல்லவில்லை. பலர் பொறுப்போடு வேலை செய்கிறார்கள், நற்பெயரே அவர்களின் மூலதனம். ஆனால் நீர்க்கசிவைப் பற்றி மூன்றாவது முறை அழைக்கும் குடியிருப்பவரைத் தக்கவைத்துக்கொள்ளக் கூடுதல் முயற்சி எடுப்பதற்கு இந்தக் கட்டண அமைப்பு அவருக்கு எந்தக் காரணத்தையும் தரவில்லை. இந்த உரிமையாளரின் நோய் அதே கசிவுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பழுதுபார்ப்பிலும் இதே நிலை. சில ஒப்பந்தங்களில் மேலாளர் அனுப்பும் ஆளின் பட்டியல் தொகைமீது ஒரு சதவீதம் சேர்க்கப்படுகிறது. சிலவற்றில் அது பட்டியலுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. அமெரிக்காவில் பெருமந்தக் காலத்தில், 1933-இல், சொத்து மேலாண்மை நிறுவனங்கள் சில சேர்ந்து ஐஆர்இஎம் (இன்ஸ்டிடியூட் ஆஃப் ரியல் எஸ்டேட் மேனேஜ்மென்ட்) என்ற தொழில்முறைக் கழகத்தைத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் ஏற்க வேண்டிய நெறிகளாக வைத்தவற்றில் மூன்று இன்றும் நேரடியாகப் பொருந்துகின்றன. வாடிக்கையாளரின் பணத்தைத் தம் பணத்தோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். பணத்தைக் கையாளும் ஊழியர்களுக்கு, அவர்கள் மோசடி செய்தால் இழப்பை ஈடுகட்டும் பிணைப் பத்திரம் எடுத்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் தள்ளுபடியோ வேறு கட்டணமோ யாரிடமும் பெறக் கூடாது. தொழிலில் இருந்தவர்களே தம் தொழிலின் நோய்கள் இவை என்று அறிந்து எழுதிக்கொண்ட நெறிகள் என்பதால், எந்த மேலாளரிடமும் முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளாக இவற்றையே சொல்வேன்.

ஒப்பந்தத்தில் மாற்ற வேண்டியவை

முழு மேலாண்மையோ பகுதி ஏற்பாடோ, எதைத் தேர்ந்தெடுத்தாலும் தாளில் எழுதப்படுவதுதான் நிற்கும். கட்டணம் வர வேண்டிய வாடகையின் மீது அல்ல, உண்மையில் வசூலான வாடகையின் மீதே கணக்கிடப்பட வேண்டும். வசூலாகாத வாடகைக்கும், காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் கட்டணம் உண்டு என்ற விதி இருந்தால் அதை நீக்கச் சொல்ல வேண்டும். குடியமர்த்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வாடகை தவறி வெளியேறினால், அடுத்தவரைக் கட்டணமின்றி அமர்த்தித் தர வேண்டும். இருப்பவரே தொடர்ந்தால் புதுப்பிப்புக்கு ஒரு சிறு தொகை தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை, அது மேலாளரின் நலனை உரிமையாளர் பக்கம் திருப்புகிறது. மேலாளர் ஒப்புதல் கேட்காமல் செய்யக்கூடிய செலவுக்கு ஓர் உச்சவரம்பு, உதாரணமாக 15 அலகு, வைக்கலாம். ஆனால் தண்ணீர் பெருக்கெடுப்பது, மின்கசிவு, பூட்டு உடைவது போன்ற அவசரங்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்றும் எழுத வேண்டும். வரம்பைக் காத்துக் கொண்டிருக்கும்போது ஒரு குடும்பம் ஆபத்தில் இருக்கக் கூடாது.

விலகும் விதி பலர் கவனிக்காமல் விடுவது. அறுபது நாள் முன்னறிவிப்போடு, தண்டத் தொகையின்றி, எந்தக் காரணமும் காட்டாமல் விலக இரு தரப்புக்கும் உரிமை இருக்க வேண்டும். விலகும் நாளில் முன்பணம், வாடகை ஒப்பந்தத்தின் மூலப் பிரதி, சாவிகள், பழுதுபார்ப்புப் பதிவுகள், குடியிருப்பவரின் தொடர்பு விவரம் அனைத்தும் உரிமையாளரிடம் திரும்ப வேண்டும். வாடகை ஒப்பந்தம் எப்போதும் உரிமையாளர் பெயரிலேயே இருக்கட்டும். மேலாளர் அவர் சார்பில் கையெழுத்திடுவதாக இருந்தால், அதற்கென்று வரையறுத்த அதிகாரம் மட்டும் தரப்பட வேண்டும். சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ இடம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தைக் கேட்கும் மேலாளரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒப்படைத்தாலும் பொறுப்பு நீங்குவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். தரப்பட்ட அதிகாரத்துக்குள் முகவர் செய்யும் செயலுக்கு அமர்த்தியவர் பொறுப்பாவது முகமைச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. பாதுகாப்பற்ற நிலையில் வீட்டை விட்டுவைத்தாலோ, குடியேற வருபவரை அவர் யார் என்பதைக் காரணமாக்கித் திருப்பி அனுப்பினாலோ, செய்தவர் மேலாளர் என்று சொல்லி உரிமையாளர் தப்பிவிட முடியாது, தப்பவும் கூடாது. யாரை ஏற்பது, எந்த அளவுகோலில் மறுப்பது என்பதை எழுத்தில் வகுத்துக் கொடுப்பது உரிமையாளரின் வேலை.

மேலாளரைப் பற்றி விசாரிக்கும்போது, அவர் தரும் வாடிக்கையாளர் பட்டியலோடு நின்றுவிடாமல் அவரை விட்டு விலகிய ஒருவரிடமும் பேச முயல வேண்டும். ஓர் ஊழியர் எத்தனை வீடுகளைக் கவனிக்கிறார், காலி நாட்களை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எண்ணுகிறார், இரவு அழைப்பை எடுப்பவர் யார், அதே பகுதியில் அவருக்குச் சொந்தமான வாடகை வீடுகள் உண்டா என்று கேட்கலாம். பெயர்களை மறைத்த மாதிரி மாத அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்தால், மற்ற பேச்சுகள் அனைத்தையும்விட அதிகம் தெரிந்துவிடும்.

இந்த உரிமையாளருக்கான முடிவு

மேற்சொன்னவற்றைக் கொண்டு பார்த்தால், இந்த உரிமையாளர் இப்போதைக்குப் பகுதி ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் முடிவு. அவருடைய வருமானத்தை அரித்தது அருகில் ஒரு கண்ணும் கையும் இல்லாத குறை. அதை மாதம் 5 அலகு ஏற்பாடு நேரடியாகத் தீர்க்கிறது. வாடகை தவறும் பேரிழப்பில் பெரும்பகுதி, குடியமர்த்தும் நாளில் விசாரிப்பு எவ்வளவு கவனமாக நடக்கிறது என்பதைப் பொறுத்தது, அந்தச் சேவை இரண்டு வழியிலும் இருக்கிறது. முழு மேலாண்மை கூடுதலாகத் தருவது, வாடகை தாமதமானவுடன் கண்டு பின்தொடர்வது. வாடகை நாள் கடந்த மூன்றாம் நாள் அழைப்பு, பத்தாம் நாள் எழுத்துமூல அறிவிப்பு என்ற ஒழுங்கை உரிமையாளரே கடைப்பிடிக்க முடியுமானால் அதில் பெரும்பகுதி அவருக்குக் கிடைத்துவிடும். காலி மாதங்கள் பாதியாகக் குறைந்த நிலையில், பகுதி ஏற்பாடு ஆண்டு முடிவில் 240 அலகைக் கையில் விடுகிறது, முழு மேலாண்மை 120-ஐ விடுகிறது. பழைய கட்டடத்தில் ஒரே ஆண்டில் மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் மாற்ற நேர்ந்தால் இந்த வேறுபாடே அவரைக் காப்பாற்றும்.

இதே எண்களோடு வேறொரு உரிமையாளர் வந்தால் நான் வேறு முடிவு சொல்லக்கூடும். நள்ளிரவு அழைப்பை எடுக்க இயலாத பணியில் இருப்பவர், உடல்நலம் குன்றியவர், வாடகை கேட்டுப் பேசுவதற்கே மனம் ஒப்பாதவர் ஆகியோருக்கு அந்தக் கடைசி 36 மணி நேரம் 3 அலகைவிட மதிப்பு மிக்கது. வாடகை கேட்கத் தயங்கும் உரிமையாளர் தாமதத்தை மாதக்கணக்கில் வளரவிட்டு, பிறகு ஒரே நாளில் கடுமையாகிவிடுவார். அது குடியிருப்பவருக்கும் நல்லதல்ல. அப்படிப்பட்டவர் இடையில் ஒரு மேலாளரை வைத்துக்கொள்வதே இரு தரப்புக்கும் மரியாதை.

ஓராண்டு கழித்து இதே கணக்கை மறுபடி போட வேண்டும். அதற்குள் பழுதென்று வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் அழைத்த நாள், ஆள் வந்த நாள், வேலை முடிந்த நாள் ஆகிய மூன்றையும் உரிமையாளர் குறித்துவைக்கட்டும். பழுதுபார்ப்பவர் ஊரை விட்டுப் போனாலோ, மூன்றாவது வீடு ஒன்று சேர்ந்தாலோ, உரிமையாளர் இன்னும் தொலைவுக்கு மாற நேர்ந்தாலோ, ஆண்டு முடியும்வரை காத்திராமல் முழு மேலாண்மைக்கான பேச்சைத் தொடங்கலாம். அப்போது நிறுவனத்திடம் முதலில் மாற்றச் சொல்ல வேண்டியது பத்து சதவீதத்தை அல்ல, அந்த ஐம்பது அலகுக் குடியமர்த்தும் கட்டணத்தை.